பழைய கஞ்சிலுக்குப் புது உற்சாகம்: முதல் வெள்ளியை டயரில் போடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளான், காப்பார், செந்தூல், பூச்சோங் என்று எந்தத் தாமானுக்குள் போனாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பானட்டைத் திறந்து வைத்த சின்னக் கார் ஒன்று நிற்கும். கஞ்சில், கெலிசா, விவா, பழைய மைவி இவற்றில் ஒன்றாக இருக்கும். பக்கத்தில் அண்ணன் தம்பி இருவர், கையில் ஸ்பேனர். பெரிய கார் வாங்கக் காசில்லை. அப்பா ஓட்டிய காரையே கொஞ்சம் சரிசெய்து, குஷியாக ஓட்டிப் பார்க்க ஆசை.

ஆசையில் தவறு எதுவும் இல்லை. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எந்த வரிசையில் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் இளைஞர்கள் பலர் முதலில் சத்தம் போடும் எக்ஸாஸ்ட் வாங்குகிறார்கள். அடுத்து ஸ்போர்ட் ரிம். பிறகு ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துகிறார்கள். டயர், பிரேக் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் அதே பணத்தில் கார் ஓட்டவும் சுகமாக இருக்கும், உயிருக்கும் பாதுகாப்பு, சம்மனும் வராது. அது எப்படி என்று பார்ப்போம்.

சின்னக் காரின் பலம் எது?

பெரோடுவா நிறுவனம் 1993இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் கார் கஞ்சில், 1994இல் வெளிவந்தது. ஜப்பானின் டைஹாட்சு மிரா காரை அடிப்படையாகக் கொண்டு, 660 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினுடன் வந்த கார் அது. 2009 வரை தயாரிப்பில் இருந்தது. தோட்டத்து லயத்திலும் டவுன் பிளாட்டிலும் இருந்த எத்தனையோ நம் குடும்பங்களுக்கு, மோட்டார் சைக்கிளில் இருந்து நாலு சக்கரத்துக்கு மாறிய முதல் வண்டி இதுதான். 2001இல் கெலிசாவும், 2005இல் மைவியும் வந்தன. இன்று மைவிதான் நாட்டுச் சாலைகளின் ராஜா என்று எல்லா இனத்தவரும் கேலியாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். மலாய்க் கதைகளில் முதலையையும் புலியையும் ஏமாற்றித் தப்பும் சின்னஞ்சிறு விலங்கு. அதற்கு உடல் பலம் கிடையாது; சுறுசுறுப்புத்தான் உண்டு. காருக்கும் இது பொருந்தும். கஞ்சிலின் எடை ஏறக்குறைய 700 கிலோதான். இன்றைய நடுத்தர செடான் ஒன்றின் எடையில் அது பாதி. எடை குறைவாக இருப்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்புகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே, ஓட்டுகிறோம் என்ற உணர்வு கைக்கும் காலுக்கும் கிடைத்துவிடுகிறது. பெரிய காரில் அதே உணர்வு வேண்டுமானால், சட்டம் அனுமதிக்காத வேகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

அதனால் சின்னக் காரை மாற்ற நினைப்பவர் இந்த லேசான தன்மையைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான பெரிய ரிம், பூட் நிறைய ஸ்பீக்கர் பெட்டி, பிளாஸ்டிக் பாடி கிட் எல்லாம் எடையைக் கூட்டும். எடை குறைக்கிறேன் என்று பின்னிருக்கையையும் சீட் பெல்ட்டையும் கழற்றிவிடவும் கூடாது. பின்னிருக்கையில் சீட் பெல்ட் அணிவது 2009 ஜனவரி முதல் நம் நாட்டில் கட்டாயம்.

முதல் செலவு: டயர்

காரையும் சாலையையும் இணைப்பது நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவுதான். எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும், பிரேக் எவ்வளவு பிடித்தாலும், அந்த நான்கு உள்ளங்கைகள் தாங்கும் அளவுக்குத்தான் பலன் கிடைக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பழைய டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஈரச் சாலையில் வழுக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயரை ஓட்டக்கூடாது. பள்ளத்துக்குள் சின்ன மேடு போல ஓர் அடையாளம் இருக்கும். டயர் அதுவரை தேய்ந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாலை மூன்று மணிக்கு மேல் கொட்டும் மழையில் பெடரல் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தேங்கிய நீரைப் பள்ளம் வெளியேற்றாவிட்டால் டயர் சாலையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது.

ரிம் மாற்ற ஆசைப்பட்டால் டயரின் மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் உதாரணம். மைவியில் 175/65 ஆர்14 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 583 மில்லிமீட்டர். 185/55 ஆர்15 டயருக்கு அது 584.5 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். மைவியின் 1.5 ரகத்துக்குப் பெரோடுவாவே இந்த இரண்டாவது அளவைப் போட்டிருக்கிறது. இப்படிப் பொருந்தும் அளவைத் தேர்ந்தெடுத்தால் வேகமானி தவறு காட்டாது, டயரும் மட்கார்டில் உரசாது. இரவல் வாங்கிய 17 அங்குல ரிம்மைச் சின்னக் காரில் மாட்டினால் தொடக்க இழுவை குறையும், குழியில் விழும்போது ரிம் வளையும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

காசே செலவாகாத வேலை ஒன்றும் உண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் குறிப்பிட்ட அளவுக்குக் காற்று அடியுங்கள். இதை மாதம் இரண்டு முறை செய்தாலே காரின் குணம் மாறுவதை உணரலாம்.

இரண்டாவது செலவு: பிரேக்

வேகம் இரண்டு மடங்கானால் காரை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் இருந்து 90 கிலோமீட்டருக்குப் போனாலே அது இரண்டேகால் மடங்கு. எஞ்சினுக்குப் பவர் ஏற்றுகிறவர் முதலில் பிரேக்கைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இங்கே பலர் மறந்துவிடுவது பிரேக் எண்ணெய். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 எண்ணெய்க்கு இந்த அளவுகள் 230, 155 டிகிரி. கெந்திங் மலையில் இருந்தோ உலு யாம் பாதையிலோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது எண்ணெய் சூடேறிக் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முழுதாக மாற்றுவதும், இறக்கத்தில் குறைந்த கியரில் வருவதும் இதற்கு மருந்து. டாட் 3 போட்ட காரில் டாட் 4 பயன்படுத்தலாம்.

நல்ல தரமான பேட், பின்சக்கர டிரம்மைத் திறந்து துடைத்துச் சரிசெய்தல், விரிசல் விட்ட ரப்பர் குழாயை மாற்றுதல் ஆகியவற்றைச் செய்தாலே பழைய கஞ்சிலின் பெடல் புதுக்கார் போல மேலே நிற்கும். பிரேக் வேலையில் அனுபவம் இல்லாதவர் வீட்டில் கைவைக்க வேண்டாம். நம்பிக்கையான போர்மேனிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்

காரைத் தாழ்த்த மலிவான வழி என்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் குழியில் முழுதாக இறங்கும்போது அது நழுவிவிடக்கூடும். அப்சோர்பர் வேலை செய்யும் தூரமும் குறைந்து சீக்கிரம் கெட்டுப்போகும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 700 கிலோ கஞ்சிலில் 70 கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினால் 280 கிலோ. காரின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு. தீபாவளிக்கு முதல் வாரம் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சாமான் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு திரும்பும்போது, தாழ்த்திய கார் தாமான் வேகத்தடையில் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போகும். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டுகிறவர்களுக்குக் காரின் உயரம் அழகு பற்றியது இல்லை, எண்ணெய்த் தொட்டி உடையாமல் வீடு சேர்வது பற்றியது.

பணம் இருந்தால் பழைய அப்சோர்பர் நான்கையும், தேய்ந்த புஷ்களையும் மாற்றுங்கள். பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய காரில் இவை பெயருக்குத்தான் இருக்கும். மாற்றிய பிறகு சக்கர அலைன்மெண்ட் செய்யுங்கள். வளைவில் கார் ஊசலாடாமல் போவதே பெரிய மாற்றமாகத் தெரியும்.

வாசலிலேயே செய்யக்கூடிய வேலைகள்

வீட்டில் செய்ய ஏற்ற வேலைகளும் நிறைய இருக்கின்றன. ஸ்பார்க் பிளக், ஏர் பில்டர் மாற்றுவது, திராட்டல் பாடியைத் துடைப்பது, பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வது, கேபிள் கிளட்ச் உள்ள காரில் கேபிளின் தளர்வைச் சரிசெய்வது ஆகியவற்றைக் கையேட்டைப் பார்த்தே செய்யலாம். கியர் போடும்போது கம்பு ஆடிக்கொண்டே இருந்தால் சின்ன புஷ் ஒன்று தேய்ந்திருக்கலாம். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கம் கார் முழுக்கப் பரவினால் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். எளிய பொருள்கள்தாம், ஆனால் தினமும் கையில் உணரக்கூடிய மாற்றம் இவற்றில்தான் இருக்கிறது.

காரைத் தூக்கினால் இரண்டு விதிகளை மறக்க வேண்டாம். காரோடு வந்த ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக்கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம். மண் தரையில் தூக்க வேண்டாம், சமமான சிமெண்ட் தரை வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வடித்த எஞ்சின் எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

சத்தம் பவர் ஆகாது

திறந்த வகை ஏர் பில்டர் மாட்டினால் எஞ்சின் உறிஞ்சும் சத்தம் கேட்கும், பவர் கூடியது போல இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் நடப்பது வேறு. கம்பெனி பெட்டி பானட்டுக்கு வெளியே இருக்கும் காற்றை இழுக்கும். திறந்த பில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றை இழுக்கும். வெளியே 33 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்தச் சூடான காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 விழுக்காடு குறைவு. காற்று குறைந்தால் பவரும் குறையும். தோட்டப் புழுதியில் இது இன்னும் மோசம். சாதாரண காகித பில்டரை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

எக்ஸாஸ்ட் விஷயத்தில் சட்டமும் குறுக்கே வரும். வாகனச் சத்தத்துக்கென்று 1987 முதல் தனி சுற்றுச்சூழல் விதிமுறை இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குத் தாமானுக்குள் வெடிச் சத்தத்தோடு வந்தால் தூங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் தொல்லை. ஜேபிஜே சோதனையில் முதலில் ஓரங்கட்டச் சொல்வதும் அந்தக் காரைத்தான்.

கண்ணாடிக் கறுப்புத் தாளுக்கு 2019 மே மாதம் விதி மாறியது. முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன்பக்கவாட்டுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு இந்த வரம்பு இல்லை. கடையில் வாங்கி மாட்டும் ஹெச்.ஐ.டி. விளக்கும், விதிக்கு மாறான எழுத்தில் செய்த நம்பர் பிளேட்டும் குற்றம். காரின் நிறத்தை மாற்றினாலும் ஜேபிஜேவிடம் பதிய வேண்டும்.

எஞ்சின் மாற்றம்: தாள் இல்லாமல் தொடாதீர்கள்

கஞ்சில் பிரியர்களின் பெரிய கனவு டர்போ எஞ்சின். ஜப்பானில் 660 சி.சி. சின்னக் கார்களுக்கு 64 குதிரைத்திறன் என்ற உச்சவரம்பை உற்பத்தியாளர்களே ஒப்புக்கொண்டு வைத்தார்கள். அங்குள்ள டர்போ மிராக்கள் அந்த வரம்பைத் தொட்டன. நம் கஞ்சில் 660இன் பவர் அதில் பாதி அளவுதான். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால், ஜப்பானில் இருந்து பாதியாக வெட்டி இறக்கப்படும் ஹாஃப் கட் கார்களின் எஞ்சினை நம் பட்டறைகள் கஞ்சிலில் பொருத்துகின்றன.

பொருத்துவது எளிது என்பதால் சட்டமும் எளிது என்று நினைத்துவிடக்கூடாது. எஞ்சின் எண் காரின் கிராண்டில் பதிவாகியிருக்கும் விவரம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அதை மாற்றுகிறவர் ஜேபிஜேவின் அனுமதி பெற்று, காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், புதிய எண்ணைப் பதிய வேண்டும். எஞ்சின் முறையாக இறக்குமதியானதற்கான சுங்கத்துறை ஆவணத்தையும் கடை ரசீதையும் பணம் கொடுக்கும் முன்னரே கேட்டு வாங்குங்கள். தாள் பிறகு வரும் என்று சொல்லும் கடையில் இருந்து நடையைக் கட்டுங்கள். பதியாத எஞ்சினோடு ஓடும் கார், பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் சிக்கிக்கொள்ளும். விற்கவும் முடியாது.

இதில் வீட்டுப் பெரியவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பல குடும்பங்களில் கார் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ இருக்கும். ஓட்டுவது மகன், சம்மன் கடிதம் வருவது அவர்கள் பெயருக்கு.

காப்புறுதியிடம் மறைக்காதீர்கள்

காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் கடமையை 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் நம்மீது வைத்திருக்கிறது. காரில் மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேட்டால், செய்ததை எழுத்தில் தெரிவியுங்கள். சந்தா கொஞ்சம் கூடலாம். மறைத்துவிட்டு விபத்து நடந்தால் இழப்பீடு குறையலாம், மறுக்கவும் படலாம். பழைய கார்தானே என்று இதை விடக்கூடாது. நம் கார் இடித்தது விலையுயர்ந்த காராக இருந்தால், அல்லது ஒரு மனிதராக இருந்தால், அந்தப் பொறுப்பு ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளிவிடும்.

சின்ன எஞ்சினில் பெரிய பயணம்

சின்னக் காரை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1988இல் ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை வடிவமைத்தார். இந்தியாவின் மலிவான குடும்பக் காரான மாருதி 800இன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் அதற்கு உயிர். எஞ்சினும் உதிரிப் பாகங்களும் எங்கும் கிடைத்ததால் பந்தயம் பணக்காரர்களோடு நின்றுவிடாமல் பல இளைஞர்களுக்கு எட்டியது. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமும் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான். பின்னர் அவரே இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆனார். 2005 மார்ச் மாதம் நம் செப்பாங்கில் ஓடி 11ஆவது இடத்தில் முடித்தார்.

நம் நாட்டிலும் கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் காரை ஓட்டி உற்பத்திக் கார் பிரிவின் உலக ரேலி பட்டத்தை வென்றார். இவர்கள் எல்லாரும் வேகத்தைக் காட்டியது அதற்கென்று அமைந்த களத்தில்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அந்தக் களம் தொலைவில் இல்லை. 1968இல் திறந்த ஷா ஆலம் பத்து தீகா பந்தயத் தடம் மூடப்பட்டு வீடமைப்பாக மாறிவிட்டது. ஆனால் 1999இல் திறந்த செப்பாங் தடத்தில், பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள்கள் நடத்தப்படுகின்றன. ஹெல்மெட் வேண்டும், விதிகள் உண்டு, எதிரே வண்டி வராது. சாலையில் பந்தயம் விட்டால் குற்றம். அங்கே அதே வேகம் விளையாட்டு.

ஆண்டுக்கு ஒரு படி

கையில் இருக்கும் காசை வைத்து இப்படித் திட்டமிடலாம். முதலில் சர்வீசும் காற்றழுத்தமும். அடுத்து நல்ல டயர் நான்கு. பிறகு பிரேக். அதன்பின் அப்சோர்பரும் அலைன்மெண்டும். இவை முடிந்த பிறகும் ஆசை இருந்தால் பொருத்தமான அளவில் லேசான ரிம். எல்லாம் முடிந்து, தாளும் சரியாக இருந்தால் மட்டும் எஞ்சின்.

இந்த வரிசையில் நாலாவது படியை எட்டும் பலருக்கு எஞ்சின் ஆசை தானாகவே குறைந்துவிடும். வளைவில் ஒட்டிக்கொண்டு போகும், மிதித்த இடத்தில் நிற்கும், கியர் வழுக்கிக்கொண்டு விழும் சின்னக் கார் ஒன்று வாசலில் நின்றால் அதுவே போதும். பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பும் அந்த அரைமணி நேர ஓட்டத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?